நிறைத்து அனுப்பிய கூடை

போன வாரம் தினேஸ்வரியை ஈப்போ ரயில் நிலையத்தில் ஒற்றைப் பெட்டியோடும் ஏழு மாத வயிற்றோடும் இறக்கிவிட்டு, நாம் பாட்டுக்கு நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பாவம், அவள் டாக்சி பிடித்து, புந்தோங்கில் இருக்கும் தாய்வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். "வந்துட்டேம்மா" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

தென்கடலில் ஒலுவாரா என்றொரு தீவு நாடு. அந்நாட்டு ஜனம் மொத்தத்தையும் கூட்டிவந்தால் ஈப்போ பாடாங் திடலில் பந்தி போட்டு உட்கார வைத்துவிடலாம். ஆனால் மன்னர் உண்டு, அரண்மனை உண்டு, மன்னருக்கு இலானு என்று ஒரு தம்பியும் உண்டு. தினேஸ்வரி நியூசிலாந்தில் தாதியாக வேலை பார்த்தபோது, அந்த இலானு கால் முறிந்து அவள் வார்டில் வந்து படுத்தான். கட்டுப் பிரிப்பதற்குள் இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். இரண்டு வருடமாக நம் புந்தோங் பெண் ஓர் இளவரசி.

இளவரசி கூட ஓர் ஆள் இல்லாமல் வந்து நின்றால் பெற்றவர்களுக்குச் சந்தேகம் வர வேண்டாமா? அப்பா கார்த்திகேசுவுக்கு வந்தது. மகள் முகத்தைப் பார்ப்பதும் சுவரைப் பார்ப்பதுமாக இருந்தார். அம்மா நவமணிக்கோ ஒரே பூரிப்பு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதை அரண்மனைக்குப் போயும் மகள் மறக்கவில்லை என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். நவமணி கேட்டுவிட்டுச் செய்கிற ரகம் இல்லை, செய்துவிட்டுச் சொல்கிற ரகம்.

அப்படித்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பும் ஏற்பாடானது.

காலையிலேயே கூடம் நிறைந்துவிட்டது. தட்டுகளில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல், சந்தனக் கிண்ணம், வேப்பங்குச்சி வளைத்த காப்பு. சமையலறையில் புளிச்சாதமும் எலுமிச்சைச் சாதமும் தயாராகி மூடி வைத்திருந்தது. பக்கத்து வீட்டு மங்களம் பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு வந்து, "ராணியம்மா, சேவகி வந்திருக்கேன்" என்று வாசலிலேயே கும்பிட்டாள். நவமணிக்கு இந்தக் கிண்டல் பழகிப்போயிருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

மன்னருக்குச் சம்பந்தியானாலும் அவள் முறுக்கு அச்சை விடவில்லை. முறுக்கு, ஓமப்பொடி, வறுத்த கடலை என்று கச்சான் பூத்தே வியாபாரம் வீட்டுப் பின்கட்டில் நடந்துகொண்டுதான் இருந்தது. தாப்பா பக்க ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கை அது. தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்து ஜனம் பட்டணத்துக்குக் கிளம்பிய காலத்தில் பிடித்த தொழிலை, அரண்மனை வந்ததும் உதறிவிட முடியுமா?

வளையல் அடுக்க நல்ல நேரத்துக்குக் கொஞ்சம் பொழுதிருந்தது. பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் நாலு பேரைக் கண்டால் நவமணிக்குக் கூடைக் கதை வந்துவிடும்.

தெருவுக்கே மனப்பாடமான கதை. நிச்சயதார்த்தத்துக்கு மன்னரின் மூத்த அக்கா சேலானி, இரண்டு வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு இதே வீட்டுக்கு வந்திருந்தார். தட்டு மாற்றினார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து முத்து வந்தது, மரப்பட்டை நார்த் துணி வந்தது, கடைசியாகத் தாழை ஓலையில் முடைந்த ஒரு மூடிக் கூடை வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை.

"எனக்கு ஐயோன்னு ஆயிருச்சு" என்றாள் நவமணி. "எவ்வளவு பெரிய இடம், விவரம் தெரியாம வெறுங்கூடையைக் கொண்டாந்து வச்சிருக்காங்களே. யாராச்சும் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

லயத்தில் வளர்ந்தவளுக்கு அந்த இடத்தில் என்ன செய்வதென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக் கிண்ணம் நம் வீட்டுக்கு வந்தால், ஒரு பிடி முருங்கைக்கீரையாவது போட்டுத்தான் திருப்ப வேண்டும். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பவள் மனுஷியே இல்லை. நவமணி கூடையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். அன்று காலை சாமிக்கென்று எடுத்து வைத்திருந்த முதல் ஈடு முறுக்கு அப்படியே இருந்தது. அதை அடுக்கி, கூடையை நிறைத்து, மூடி போட்டு, சேலானியின் கையில் கொடுத்தாள்.

"கொடுத்தேனா? அந்தம்மா மூடியைத் திறந்து பார்த்துட்டு என் ரெண்டு கையையும் பிடிச்சு முத்தம் குடுத்தாங்க. கூட வந்தவங்க பூராவும் எந்திரிச்சு நின்னுட்டாங்க. ரெண்டு கிழவிங்க அழுதாங்க."

"உங்க முறுக்கைத் தின்னா யாருக்கும் அழுகை வரும்லா" என்று மங்களம் எடுத்துக்கொடுத்தாள். கூடம் சிரித்தது. இந்த இடத்தில் எப்போதும் சிரிப்பார்கள்.

மனையில் உட்கார்ந்திருந்த தினேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா, அந்தக் கதையை இன்னிக்குச் சொல்லாத" என்றாள். தலைப்பிள்ளைக்காரிக்கு அசதி என்று நவமணி தன் போக்கில் நினைத்துக்கொண்டு, மகள் கன்னத்தில் சந்தனம் தடவினாள்.

வளையல் அடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் நவமணி, பிறகு மங்களம், பிறகு பிள்ளை பெற்ற பெண்கள் ஒவ்வொருவராக. வலக்கை முழங்கை வரை நிறைந்தது. இடக்கைக்கு மாறுகிற நேரத்தில் கார்த்திகேசு போனைக் கையில் பிடித்தபடி வாசலிலிருந்து உள்ளே வந்தார். பெண்கள் கூட்டத்துக்குள் வர மாட்டார் என்று பெயரெடுத்தவர். நவமணியின் காதருகில் குனிந்தார். அவர் ரகசியம் பேசினால் தெருமுனைக்குக் கேட்கும்.

"பெரிய இளவரசி சேலானி ஈப்போவுக்கு வந்துட்டாங்களாம். ஹோட்டல்லேர்ந்து கார் கிளம்பிருச்சாம். இங்கதான் வாராங்க."

கூடத்தில் ஒரே பரபரப்பு. மங்களம் தலைமுடியைச் சரி செய்துகொண்டாள். யாரோ நாற்காலியைத் துடைத்தார்கள். நவமணிக்குக் கால் தரையில் படவில்லை. சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் இல்லாத வளைகாப்பு என்று நாளைக்கு ஒருத்தியும் சொல்ல முடியாது.

தினேஸ்வரி மனையிலிருந்து எழுந்துவிட்டாள்.

பாதிச் சடங்கில் எழக்கூடாது என்று பெண்கள் பதறினார்கள். அவள் காதில் வாங்கவில்லை. ஒரு கை நிறைய வளையலும் ஒரு கை மொட்டையுமாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். நவமணி பின்னாலேயே ஓடினாள்.

"யார் அவங்களுக்குச் சொன்னது?"

"நான்தான். சம்பந்தி வீட்டுக்குச் சொல்லாம எந்த ஊர்ல வளைகாப்பு செய்வாங்க? பத்திரிகையைப் படம் பிடிச்சு அரண்மனை நம்பருக்கு அனுப்பினேன். மரியாதை வேணாமாலா?"

தினேஸ்வரி அம்மாவை ஒரு கணம் வெறித்துப் பார்த்தாள். "நான் ஒளிஞ்சிக்க வந்தேம்மா" என்றாள்.

நவமணிக்கு முதலில் விளங்கவில்லை. மாப்பிள்ளை அடித்தாரா, வேறு பெண்ணா, குடியா என்று அம்மாக்களுக்குத் தெரிந்த துன்பங்களையெல்லாம் வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்த மகள், மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். சொல்லச் சொல்ல நவமணியின் முகத்திலிருந்த பூரிப்பு வடிந்துபோனது.

அரண்மனையில் போன மாதம் தொட்டில் செய்தார்கள். அழகான தொட்டில். ஆனால் அதைத் தினேஸ்வரியின் அறைக்குக் கொண்டுவரவில்லை. தோட்டம் தாண்டி, சேலானியின் மாளிகைக்குத் தூக்கிப் போனார்கள். ஏன் என்று கேட்டவளுக்கு அங்கேயுள்ள பெண்கள் ஆச்சரியப்பட்டுப் பதில் சொன்னார்கள். மன்னருக்குப் பிள்ளை இல்லை. ஆகவே இவளுக்குப் பிறக்கும் முதல் பிள்ளைதான் பட்டத்துக்கு. அதை வளர்ப்பது மூத்த இளவரசி. பெற்றவள் திருவிழா நாட்களில் வந்து பார்க்கலாம்.

"அதெப்படி எடுத்துக்குவாங்க? நம்ம பிள்ளை" என்றாள் நவமணி.

"எடுத்துக்க மாட்டாங்கம்மா. கொடுத்தாத்தான் வாங்கிக்குவாங்க. அதுக்குத்தான் அந்தக் கூடை."

அந்த நாட்டில் பெண்ணைப் பேச வரும்போது வெறுங்கூடையை வைப்பார்கள். பெண்ணைப் பெற்றவள் அதை வெறுமையாகத் திருப்பினால், பெண்ணைத் தருகிறேன், அவள் பிள்ளைகள் அவளுக்கு என்று பொருள். பெரும்பாலும் எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் திருப்புவார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. தின்கிற பொருளை நிறைத்துத் திருப்பினால், இவள் வயிற்றின் முதல் பிள்ளையை உங்கள் வீட்டுக்கே கொடுத்தேன் என்று பொருள். யாரும் கேட்டு வாங்க முடியாத தானம் அது. அந்த வீட்டில் ஒரு தலைமுறையாக ஒருத்தியும் கொடுக்காத தானம்.

"நீ குடுத்துட்டம்மா. உனக்குத் தெரியாமலேயே குடுத்துட்ட."

மாவு மூட்டை ஒன்று சுவரோரம் இருந்தது. நவமணி அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். எழுந்து நின்ற அந்த ஜனமும், கைக்கு விழுந்த முத்தமும், அழுத இரண்டு கிழவிகளும் கண்முன் வந்து நின்றார்கள். முறுக்கு ருசிக்கா அழுதார்கள்? இரண்டு வருடமாக முறுக்கு வாங்க வந்தவன் போனவனுக்கெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கதை, தன் பேரப்பிள்ளையைத் தாரை வார்த்த கதை!

மாப்பிள்ளைக்குத் தெரியுமா என்று ஈனக்குரலில் கேட்டாள்.

தெரியும். எல்லார் முன்னாலும் உன் அம்மா கொடுத்தாரே, உனக்குத் தெரியாமலா இருக்கும் என்று அவன் இத்தனை நாள் நினைத்திருந்தான். அவளுக்கு விஷயம் தெரிந்த அன்று இருவரும் சேர்ந்து அழுதார்கள். மன்னர் வெளிநாடு போயிருந்தார். அண்ணன் திரும்பியதும் காலில் விழுந்தாவது கேட்கிறேன், அதுவரை நீ தாய்வீட்டில் இரு, யாருக்கும் காரணம் தெரிய வேண்டாம் என்று இலானுதான் விமானம் ஏற்றி அனுப்பினான். மன்னர் நேற்றுதான் திரும்பினார்.

"இன்னிக்குப் பேசிட்டு எனக்குப் போன் பண்றேன்னாரு. அதுக்குள்ள பெரிய இளவரசியை நீயே கூப்பிட்டுட்ட." தினேஸ்வரி அம்மாவின் தோளில் கை வைத்தாள். "எதுவும் பேசிடாதம்மா. அவரு போன் வரட்டும். எனக்கு அவரும் வேணும், பிள்ளையும் வேணும்."

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

சேலானி உயரமான பெண்மணி. நரைத்த கிராப்பு, வெள்ளை அங்கி, இடுப்பில் ஓலைப்பாயால் ஒரு பட்டை. வாசலில் செருப்பைக் கழற்றியதும் கார்த்திகேசுவுக்குத் தலை வணங்கினார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை, பெண்களோடு பெண்களாகப் பாயில் உட்கார்ந்தார். தினேஸ்வரியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. புறங்கையால் அவள் வயிற்றை மெல்லத் தொட்டார். அந்த மனுஷியை வெறுத்துவிடலாம் என்று வந்த நவமணிக்கு அது அவ்வளவு சுலபமாக இல்லை. மரியாதையாகவும் இருந்தார், பாவமாகவும் இருந்தார்.

மூத்த பெண்கள் நின்றுபோன சடங்கைத் தொடரச் சொன்னார்கள். தினேஸ்வரி மனையில் உட்கார்ந்து இடக்கையை நீட்டினாள். இளவரசியின் முன்னால் யாருக்கும் கை ஓடவில்லை. அதற்குள் சேலானி தன் பையைத் திறந்து, அந்தத் தாழை ஓலைக் கூடையை எடுத்து நவமணியின் மடியருகே வைத்தார். மூடியைத் திறந்தார்.

உள்ளே பட்டை நார்த் துணி. துணிக்குள் ஒரே ஒரு முறுக்கு. நிறம் கறுத்து, ஆனால் ஒரு சுற்றும் உடையாமல், பத்திரமாக இருந்தது.

மங்களம் வாயில் கை வைத்தாள். நவமணிக்குத் தன் கை வேலை தெரியாதா? அவள் சுற்றும் முறுக்கில் கடைசிச் சுற்று உள்பக்கம் மடங்கியிருக்கும். இதிலும் மடங்கியிருந்தது.

சேலானி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். தினேஸ்வரி தரையைப் பார்த்தபடி தமிழில் சொன்னாள். மற்றதை எல்லாரும் பகிர்ந்து தின்றார்களாம். இது ஒன்றை அரண்மனையில் வைத்துக் காத்தார்களாம். பிள்ளை வளர்ந்ததும் இதைக் காட்டி, உன்னை எங்களுக்குக் கொடுத்தது இந்தக் கை என்று சொல்வார்களாம். தானும் பெற்றவளை விட்டு அப்படி வளர்ந்தவள்தான், பிள்ளைக்கு ஒரு குறையும் வராது, கவலை வேண்டாம் என்கிறாராம்.

கார்த்திகேசு கதவோரம் நின்றிருந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. "நவமணி, அவசரப்படாத" என்றார். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் அதிகமாகச் சொன்ன சொல் அதுதான்.

நவமணி முறுக்கைக் கையில் எடுத்தாள். உடைத்தாள். வாயில் போட்டுக்கொண்டாள்.

இரண்டு வருடத்து முறுக்கு. கல்லாக இருந்தது, சிக்கு வாடை குப்பென்று அடித்தது. கடைவாய்ப் பல்லில் வைத்து நொறுக்கினாள். கண்ணில் தண்ணீர் கட்டியது. அடுத்த துண்டையும் போட்டுக்கொண்டாள். கூடத்தில் அவள் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. தினேஸ்வரி "அம்மா" என்று கையைப் பிடித்தாள். நவமணி அந்தக் கையை விலக்கிவிட்டு மிச்சத்தையும் தின்று முடித்தாள்.

பிறகு கூடையைக் கவிழ்த்துத் தட்டி, முந்தானையால் உள்ளே துடைத்து, மூடி போட்டு, இரண்டு கையாலும் சேலானியிடம் நீட்டினாள். பிறந்ததிலிருந்து ஒரு வெறும் பாத்திரத்தை யாரிடமும் நீட்டியறியாத கை அது.

"நான் தெரியாம குடுத்தது. இப்பத் தெரிஞ்சே எடுத்துக்கிட்டேன். சொல்லு அவங்ககிட்ட."

தினேஸ்வரி சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. சேலானியின் முகத்தில் இருந்த மலர்ச்சி போய், அதிர்ச்சி வந்து, பிறகு அதுவும் போனது. கூடையை வாங்கி மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு தினேஸ்வரியிடம் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் நவமணி.

"பிள்ளை நம்மளோடதாம். இனிமே யாரும் வந்து கேக்க மாட்டாங்களாம்."

கூடத்தில் பெண்கள் மூச்சு விட்டார்கள். மங்களம் குங்குமத்தை எடுத்து நவமணியின் நெற்றியில் அப்பினாள். நவமணிக்கு உடம்பெல்லாம் லேசானது. தின்றது வயிற்றைப் புரட்டினாலும் பரவாயில்லை, இழந்த பேரப்பிள்ளையை மென்று விழுங்கி மீட்டுவிட்டாள். மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

மகள் முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னும் முடியலம்மா" என்றாள் தினேஸ்வரி. தன்னைப் பற்றிய தீர்ப்பைத் தானே தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. "கல்யாணத்துக்கு முந்தி வெறுங்கூடை திரும்பியிருந்தா அது வேறயாம். குடுத்ததைத் திருப்பி எடுத்துக்கிட்டா, குடுத்தது எல்லாத்தையும் எடுத்துக்கிட்டதாத்தான் அர்த்தமாம். பிள்ளையோட சேர்த்து என்னையும். நான் இனிமே அந்த வீட்டு ஆளு இல்லையாம். அவருக்கு நான் யாரும் இல்லையாம்."

நவமணியின் சிரிப்பு அப்படியே நின்றது. சேலானி எழுந்து, வெறுங்கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தார்.

அந்த நேரத்தில் வளையல் தட்டில் கிடந்த தினேஸ்வரியின் போன் அடித்தது. கண்ணாடி வளையல்களெல்லாம் அதோடு சேர்ந்து அதிர்ந்தன. திரையில் கல்யாணப் படத்தில் மாலையும் கழுத்துமாக இலானு சிரித்துக்கொண்டிருந்தான்.

தினேஸ்வரி போனைக் கையில் எடுத்தாள். அழைப்பை ஏற்கவில்லை. மன்னர் என்ன சொன்னார் என்பது அந்தப் போனுக்குள் இருந்தது. அவள் அம்மாவைத்தான் பார்த்தாள்.

"அன்னிக்கு நிறைச்சு அனுப்பின. இவங்களைக் கூப்பிட்டு அனுப்பின. இப்ப எடுத்துத் தின்ன. ஒரு தடவையாச்சும் என்னைக் கேட்டியாம்மா?"

நவமணியின் வாயெல்லாம் முறுக்கு மாவு. போன் அடித்துக்கொண்டே இருந்தது.